திஸ், தட், தீஸ், தோஸ்: நாலே வார்த்தை, நாக்கு ஏன் தடுக்குது?

எங்க வீட்டு மொட்டை மாடியில சாயங்காலம் ஒரு பத்து பதினஞ்சு பேருக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித் தர்றேன், அஞ்சாவது படிக்கற வாண்டும் இருக்கு, இன்டர்வியூவுக்கு அலையற இன்ஜினியரும் இருக்கார். ரெண்டு பேரும் ஒண்ணா கோட்டை விடற இடம் எதுன்னு கேட்டா டென்ஸும் இல்ல, பாஸிவ் வாய்ஸும் இல்ல, எல்.கே.ஜி.லயே முடிச்சாச்சுன்னு எல்லாரும் நெனச்சுட்டு இருக்கற திஸ், தட், தீஸ், தோஸ்தான். "பக்கத்துல இருந்தா திஸ், தூரத்துல இருந்தா தட், அவ்ளோதானே சார்"னு கெத்தா சொல்லிட்டு அடுத்த நிமிஷமே "திஸ் ஷூஸ் ஆர் டைட் சார்"னு வருவாங்க.

அவ்ளோதான் இல்லங்க. பக்கம், தூரம்ங்கறது பாதிக் கதைதான், அந்தப் பாதியையும் நாம அடி ஸ்கேல் வெச்சு அளக்கற மாதிரி தப்பா புரிஞ்சு வெச்சிருக்கோம். அதனால முதல்லேர்ந்து போலாம், இங்கிலீஷ் சுத்தமா வராதுன்னு நெனைக்கறவங்களும் கூட வரலாம்.

விரலுக்குப் பதில் ஒரு வார்த்தை

காய்கறிக் கடைல நிக்கறோம். "அண்ணே இது கிலோ எவ்ளோ? அது?" அப்படின்னு கேக்கறப்ப வாயி "இது அது"ங்குது, ஆனா வேலை பாக்கறது விரல். அந்த விரலை எடுத்துட்டா "அது"க்கு அர்த்தமே கிடையாது. நம்பலன்னா உங்க வீட்டு சமையல்கட்டுலேர்ந்து ஒரு குரல் வரும் பாருங்க, "ஏங்க, அந்த அதுல இருக்கற அதை எடுத்துட்டு வாங்க"ன்னு, ஹால்ல உக்காந்திருக்கறவர் முழிக்கற முழியிலதான் இந்த மொத்தப் பாடமும் இருக்கு.

இப்படி தனக்குன்னு ஒரு பொருள் இல்லாம, எதை நோக்கி நீட்டறோமோ அதையே பொருளா எடுத்துக்கற வார்த்தைக்குப் பேரு சுட்டுச்சொல், இங்கிலீஷ்ல டெமான்ஸ்ட்ரேட்டிவ். இனிமே சுட்டுச்சொல்னே சொல்றேன்.

நமக்கு இது புதுசு இல்ல. அ, இ, உ மூணும் சுட்டுன்னு தொல்காப்பியத்துலயே இருக்கு. இவன், அவன், உவன். நம்ம தமிழ்நாட்டுப் பேச்சுல உ காணாமப் போச்சு, யாழ்ப்பாணத்துக்காரங்க கிட்ட பேசிப் பாருங்க, உங்க கையில இருக்கறதைக் காட்டி "உது என்ன?"னு கேப்பாங்க, அழகா இருக்கும். இங்கிலீஷும் ஒரு காலத்துல மூணு வெச்சிருந்துச்சு, திஸ், தட், அதோ அங்க தெரியுதுல்லங்கற மாதிரி யான். அந்த யான் இப்ப ஸ்காட்லாந்துப் பக்கமும் பழைய கவிதையிலயும்தான் உசுரோட இருக்கு. ஆக இன்னைக்கு நமக்கும் ரெண்டு இடம், அவங்களுக்கும் ரெண்டு இடம். இந்த விஷயத்துல ரெண்டு பாஷையும் ஒரே கட்சி.

அப்புறம் எங்க இடிக்குது?

இங்கிலீஷ் விரல் எண்ணிக்கையும் சொல்லும்

ஒரு நாள் கீழ போயி வீட்டுல நறுக்க வெச்சிருந்த முறத்தை அப்படியே தூக்கிட்டு மாடிக்கு வந்தேன். அதுல ஒரு கத்திரிக்காய், நாலஞ்சு வெண்டைக்காய். ஒரு பொண்ணு கிட்ட கத்திரிக்காயக் காட்டினேன், "திஸ் இஸ் எ பிரிஞ்சால்". சரி. வெண்டைக்காயக் காட்டினேன், "திஸ் இஸ் லேடீஸ் ஃபிங்கர்". எத்தனை இருக்கு பாப்பான்னேன். அஞ்சுன்னா. அப்ப மாத்தி சொல்லுன்னேன், கொஞ்சம் யோசிச்சு "திஸ் இஸ் ஃபைவ் லேடீஸ் ஃபிங்கர்"னா.

அவ மேல தப்பே இல்ல, அவ மனசுல தமிழ் ஓடுது. தமிழ்ல "இந்த வெண்டைக்காய்"னா ஒண்ணும் ஆகலாம், ஒரு கிலோவும் ஆகலாம். "இந்த புக்", "இந்த புக்ஸ்", ரெண்டுலயும் இந்த அப்படியே இருக்கு, அசையவே மாட்டேங்குது. நம்ம இந்த, அந்த ரெண்டும் எங்க இருக்குங்கற ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்லுது. இங்கிலீஷ் சுட்டுச்சொல் எங்க இருக்கு, ஒண்ணா பலதா, ரெண்டுக்கும் சேத்து ஒரே மூச்சுல பதில் சொல்லியாகணும். இதுதான் விஷயமே. ரெண்டு இடம், ரெண்டு எண்ணிக்கை, பெருக்கினா நாலு வார்த்தை. பக்கத்துல ஒண்ணுன்னா திஸ், பலதுன்னா தீஸ். தள்ளி ஒண்ணுன்னா தட், பலதுன்னா தோஸ்.

இன்னொரு வேடிக்கை பாருங்க. இங்கிலீஷ்ல பெயருக்கு முன்னாடி வந்து ஒட்டற வார்த்தைங்க பொதுவா பன்மைக்காக உருவம் மாறாது. பிக் ஹவுஸ், பிக் ஹவுசஸ், பிக் அப்படியே நிக்குது. மை புக், மை புக்ஸ், மை அப்படியே நிக்குது. இந்தச் சுட்டுச்சொல் ஜோடிங்கதான் பின்னாடி வர்ற பெயரைப் பாத்து சட்டை மாத்திக்குது. அதனாலதான் பிக், மை எல்லாம் சரியா சொல்றவங்க கூட இங்க வந்து வழுக்கறாங்க.

நாக்குக்கும் ஒரு தொல்லை இருக்கு. திஸ், தீஸ் ரெண்டையும் நாம ஒரே மாதிரி சொல்லிடறோம். குறில் நெடில் தெரிஞ்ச ஆளுங்க நாமளே இப்படிப் பண்ணலாமா? குறில்னா ஒண்ணு, நெடில்னா பல, அவ்ளோதான். திஸ்ஸோட கடைசி எழுத்து பாம்பு சீறற சத்தம், தீஸோட கடைசி தேனீ சுத்தற சத்தம், தோஸும் அதே தேனீதான். தமிழ் எழுத்துல அந்த வித்தியாசத்தைக் காட்ட வழி இல்ல, ஆனா தொண்டையில விரல் வெச்சு சொல்லிப் பாருங்க, தீஸ் முடியறப்ப தொண்டை அதிரும்.

எந்த நேரத்துல தீஸ்னு குழப்பம் வந்தா நான் பசங்களுக்கு சொல்ற சின்ன டெஸ்ட் ஒண்ணு: தமிழ்ல "இதெல்லாம்"னு போட்டா பொருந்துதா பாரு. "இதெல்லாம் என்ன?" பொருந்துது, அப்ப "வாட் ஆர் தீஸ்?". "அதெல்லாம் யாரோட செருப்பு?" பொருந்துது, அப்ப "ஹூஸ் ஸ்லிப்பர்ஸ் ஆர் தோஸ்?". இது நூத்துக்கு நூறு ஓடற டெஸ்ட் இல்ல, எங்க பஞ்சர் ஆகும்னு அடுத்து பாப்போம்.

இது வரைக்கும் பாத்தது: சுட்டுச்சொல்ங்கறது வாயால நீட்டற விரல். இந்த, அந்தங்கற தமிழ் விரல் இடத்தை மட்டும் காட்டும், இங்கிலீஷ் விரல் இடத்தையும் எண்ணிக்கையும் காட்டும்.

அரிசி ஒண்ணா, பலதா?

ஒரு மூட்டை அரிசி. லட்சக்கணக்குல மணி இருக்கு. ஆனா "திஸ் ரைஸ்"தான், தீஸ் கிடையாது. ஏன்னா இங்கிலீஷ் சில பொருளை எண்ணாது, மொத்தமா ஒரு குவியலா பாக்கும், இதை அன்கவுன்டபிள்னு சொல்வாங்க, எண்ண முடியாததுன்னு அர்த்தம். அரிசி, தண்ணி, தலைமுடி, பணம்னா நமக்கே புரியுது, ஆனா ஃபர்னிச்சர், லக்கேஜ், இன்ஃபர்மேஷன், அட்வைஸ் எல்லாம் இந்த லிஸ்ட்டுலதான் வருது, அங்கதான் மாட்டறோம். ரயில்வே ஸ்டேஷன்ல நாலு பெட்டி, ரெண்டு கட்டைப்பை, ஒரு குக்கர் அட்டைப்பெட்டி இருந்தாலும் "திஸ் லக்கேஜ்". தமிழ்ல "இந்த லக்கேஜ் எல்லாம்"னு சொல்வோம், நம்ம டெஸ்ட் பஞ்சர். இந்த மாதிரி இடத்துல "ஆல் திஸ் லக்கேஜ்"னு சொல்லிக்கலாம். நியூஸ் கடைசியில ஸ் இருக்கு, இருந்தாலும் அது பன்மை இல்ல, "திஸ் நியூஸ்".

தலைகீழும் உண்டு. ஒரே ஒரு கத்தரிக்கோல், ஆனா "தீஸ் சிஸர்ஸ்". ஒரே ஒரு பேன்ட், "தீஸ் பேன்ட்ஸ்". மூக்குக்கண்ணாடி, "தீஸ் கிளாஸஸ்". ரெண்டு கால், ரெண்டு பக்கம், ரெண்டு சில்லு இருக்கறதால இதெல்லாம் அவங்களுக்குப் பன்மை. ஒண்ணுன்னு அழுத்திச் சொல்லணும்னா "திஸ் பேர் ஆஃப் பேன்ட்ஸ்", இங்க பேர்ங்கறது ஜோடி, அது ஒண்ணு, அதனால திஸ். பீப்பிள்ல ஸ் இல்ல, ஆனா அது ஆளுங்க, பன்மை, "தீஸ் பீப்பிள்". "திஸ் பீப்பிள்"னு மேடையில மைக் புடிச்சுப் பேசறவங்க கூட சொல்றதைக் கேட்டிருக்கேன்.

கைண்ட் வர்ற இடத்துல "திஸ் கைண்ட் ஆஃப் மூவி", இல்லன்னா ரெண்டையும் பன்மை ஆக்கி "தீஸ் கைண்ட்ஸ் ஆஃப் மூவீஸ்". "தீஸ் கைண்ட் ஆஃப் மூவீஸ்"னு வெள்ளைக்காரங்களே பேச்சுல சொல்வாங்க, பரீட்சையில நீங்க எழுதாதீங்க.

இந்த, இது: நமக்கு ரெண்டு, அவங்களுக்கு ஒண்ணு

"இந்த" தனியா நிக்காது. "இந்த எனக்கு வேணும்"னு யாராச்சும் சொன்னா இந்த என்னன்னு கேப்போம். "இது" தனியா நிக்கும். தமிழ்ல வேலை வேற வேறங்கறதால வார்த்தையும் வேற வேற. இங்கிலீஷ்ல ரெண்டு வேலைக்கும் ஒரே ஆளுதான். "திஸ் பேக் இஸ் ஹெவி"ல திஸ் இந்த. "திஸ் இஸ் ஹெவி"ல திஸ் இது. பெயருக்கு முன்னாடி ஒட்டி எந்த பேக்குன்னு நிர்ணயம் பண்றப்ப அதுக்கு டிடர்மினர்னு பேரு, பெயர் இல்லாம தானே பெயர் மாதிரி நிக்கறப்ப ப்ரோனவுன்னு பேரு. பேரு மறந்தாலும் பரவால்ல, இந்த, இது ஞாபகம் இருந்தா போதும்.

இங்க நம்ம ஆளுங்க பண்ற ரெண்டு தப்பு. ஒண்ணு, "திஸ் மை ஃப்ரெண்ட்". தமிழ்ல "இது என் ஃப்ரெண்டு வண்டி"ன்னா வாக்கியம் முடிஞ்சுது, வினைச்சொல்லே வேண்டாம், அதே பழக்கத்துல நடுவுல இருக்கற இஸ்ஸை முழுங்கிடறோம். அங்க இஸ் கட்டாயம். ரெண்டு, "மை திஸ் ஷர்ட்" இல்லன்னா "திஸ் மை ஷர்ட்". "என்னோட இந்த சட்டை"ங்கறது தமிழ்ல சுத்தமான வாக்கியம், ஆனா இங்கிலீஷ்ல மை, திஸ் ரெண்டும் ஒரே சீட்டுக்கு டிக்கெட் எடுத்த ஆளுங்க மாதிரி, ஒருத்தர்தான் உக்கார முடியும். இன்னொருத்தரைப் பின்னாடி அனுப்பணும், "திஸ் ஷர்ட் ஆஃப் மைன்". இதே காரணத்தாலதான் "தி திஸ்"னும் வராது.

ஆளுங்களைக் காட்டறப்ப என்ன பண்றது? ஒரு பையன் என்கிட்ட சண்டையே போட்டான், "சார், எங்கம்மாவைப் போயி திஸ்னு சொல்லச் சொல்றீங்களே, மரியாதையா இது?"ன்னு. நியாயமான கோவம். தமிழ்ல "இது எங்கம்மா"ன்னு சொன்னா வீட்டுக்குப் போனதும் வாங்கிக் கட்டிக்கணும், "இவங்க எங்கம்மா"தான். ஆனா இங்கிலீஷ்ல அறிமுகம் பண்றப்ப "திஸ் இஸ் மை மதர்"தான் முறை, இதுல அவமரியாதை துளியும் இல்ல. அறிமுகம் முடிஞ்ச அடுத்த நொடியே ஷீக்கு மாறிடணும், "ஷீ வர்க்ஸ் இன் எ பேங்க்". அறிமுகம் இல்லாத இடத்துல ஒரு ஆளை வெறும் தட்னு சொன்னீங்கன்னா, "டிட் யூ இன்வைட் தட்?"னு கேட்டீங்கன்னா, அது நம்மூர்ல "அதையும் கூப்பிட்டியா?"ன்னு கேக்கற அதே அசிங்கம்தான். இதுல மட்டும் ரெண்டு பாஷைக்கும் ஒரே மனசு. இன்னொண்ணு, மரியாதைக்காக பன்மை போடற வழக்கம் அங்க இல்ல, அப்பா ஒருத்தர்தான், "தீஸ் ஆர் மை ஃபாதர்" கிடையாது. அப்பா அம்மா ரெண்டு பேரும் நின்னா "தீஸ் ஆர் மை பேரன்ட்ஸ்".

அப்புறம் பதில். "வாட் இஸ் திஸ்?"னு கேட்டா நம்ம பள்ளிக்கூடத்துல கோரஸா "திஸ் இஸ் எ பென்"னு கத்துவோம். தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா விரல் ஒரு தடவை நீட்டியாச்சு, பொருள் எதுன்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுபோச்சு, திரும்ப நீட்ட வேண்டியதில்ல, "இட்ஸ் எ பென்". பன்மைன்னா "தே ஆர் பென்ஸ்".

தூரம்னா எவ்ளோ தூரம்?

1969 ஜூலையில நீல் ஆர்ம்ஸ்ட்ராங் நிலாவுல கால் வெச்சப்ப சொன்ன வாக்கியம் எல்லாருக்கும் தெரியும், மனுஷனுக்கு ஒரு சின்ன அடி, மனித குலத்துக்கு ஒரு பெரிய பாய்ச்சல்னு. அந்த வாக்கியம் இங்கிலீஷ்ல எப்படி ஆரம்பிக்குது? "தட்ஸ் ஒன் ஸ்மால் ஸ்டெப்". தட்ஸ்! வெச்ச அடி அவர் காலுக்குக் கீழயே இருக்கு, அதைவிடப் பக்கமா ஒண்ணு இருக்க முடியுமா? பக்கம்னா திஸ், தூரம்னா தட்ங்கற நம்ம ரூல் படி அவருக்கு மார்க் போட முடியாது.

ஆனா சரியாத்தான் சொன்னார். கால் கீழ இறங்கியாச்சு, அந்தச் செயல் முடிஞ்சுபோச்சு, முடிஞ்சது அவரை விட்டுத் தள்ளிப் போயாச்சு. சுட்டுச்சொல் அளக்கற தூரம் இதுதான். ஸ்கேல்ல வர்ற தூரம் இல்ல, பேசறவன் மனசுல ஒரு கோடு போட்டு இது என் பக்கம், அது அந்தப் பக்கம்னு பிரிக்கற தூரம்.

வீட்டுலயே பாக்கலாம். சாப்பிட்டுட்டே இருக்கோம், "திஸ் சாம்பார் இஸ் குட்". கையலம்பிட்டு வந்து துண்டுல துடைக்கறோம், தட்டு இன்னும் டேபிள் மேலயேதான் இருக்கு, ஆனா இப்ப "தட் வாஸ் குட்". சாம்பார் நகரல, நாமதான் நகந்துட்டோம்.

காலமும் இப்படித்தான் பிரியும். "தீஸ் டேஸ்"னா இப்பல்லாம், "தோஸ் டேஸ்"னா அந்தக் காலத்துல. இன்னும் முடியாத நாள், வாரம், வருஷம்லாம் என் பக்கம், அதனால "திஸ் வீக்", "திஸ் இயர்". இங்க ஒரு விஷயம், "இன்னைக்கு காலைல"ங்கறதை நாம "டுடே மார்னிங்"னு சொல்றோம், நம்ம நாடு பூரா சொல்லுது, ஆனா வெளிய பேசறப்ப "திஸ் மார்னிங்"தான். ராத்திரிக்கு மட்டும் "திஸ் நைட்" வேண்டாம், "டுநைட்".

புடிச்சது, புடிக்காததும் கோட்டை நகர்த்தும். எதிர்லயே உக்காந்திருக்கற ஆளைப் பத்தி பக்கத்து ஆள் காதுல "ஐ டோன்ட் ட்ரஸ்ட் தட் மேன்"னா அது மீட்டர் கணக்கு இல்ல, மனசு தள்ளி வெச்ச கணக்கு. அதே மாதிரி அடுத்தவங்க சொன்ன பேச்சு அவங்க பக்கம், அதனால தலையாட்டறப்ப "தட்ஸ் ட்ரூ", "தட்ஸ் ரைட்". நாமளும் "அது சரி"ன்னுதானே சொல்றோம், "அதான்"னு இழுப்போமே, அது அச்சு அசலா "தட்ஸ் இட்". ஆனா நான் இனிமேதான் சொல்லப் போறேன்னா அது என் கையில இருக்கற சரக்கு, "லிஸன் டு திஸ்", நம்ம "இதைக் கேளேன்". வரப்போறதை நோக்கி திஸ்ஸைத்தான் நீட்ட முடியும், தட்டுக்கு அந்தப் பக்கம் கையே நீளாது.

கதை சொல்றப்ப ஒரு திஸ் வரும், அது உங்களைக் குழப்பும். "சோ தேர் வாஸ் திஸ் கை ஆன் தி பஸ்"னு ஆரம்பிப்பாங்க, எந்தக் கைன்னு தேடாதீங்க, அது ஒரு ஆளு, அவ்ளோதான். கதை கேக்கறவங்களுக்கு ஆளைக் கிட்ட இழுத்துக் காட்டற டெக்னிக். பேச்சுல மட்டும்.

சுருக்கமா, திஸ், தீஸ் என் பக்கம். தட், தோஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம். கோட்டை எங்க போடறதுன்னு முடிவு பண்றது பேசற ஆள்.

எல்லா அந்தவும் தட் இல்ல

இது கொஞ்சம் நுணுக்கம், ஆனா நம்ம இங்கிலீஷ்ல தமிழ் வாடை அடிக்கறது பெரும்பாலும் இங்கேர்ந்துதான். தமிழ்ல தி கிடையாது. ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச பொருளைச் சொல்லணும்னா நாம அந்தவை இழுத்துக்கறோம், "அந்தக் கதவை சாத்து", "அந்த ஃபேனைப் போடு". ரூம்ல இருக்கறதே ஒரு கதவு, ஒரு ஃபேன். இதை அப்படியே "க்ளோஸ் தட் டோர்"னு சொன்னா இங்கிலீஷ்காரர் எந்தக் கதவுன்னு திரும்பிப் பாப்பார், இல்லன்னா நீங்க கதவு மேல ஏதோ கடுப்புல இருக்கீங்கன்னு நெனப்பார். விரல் நீட்டத் தேவையில்லாத இடத்துல தி போதும், "க்ளோஸ் தி டோர்". ரெண்டு கதவு இருந்து ஒண்ணைப் பிரிச்சுக் காட்டறப்பதான் தட்.

உண்மையில தி, தட் ரெண்டும் ஒரே குடும்பம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின இங்கிலீஷ்ல ஒரே சுட்டுச்சொல்லோட வேற வேற உருவமா இருந்துச்சுங்க, அதுல ஒண்ணு தேஞ்சு தேஞ்சு விரலை மடக்கிட்டு தி ஆயிடுச்சு. இன்னொரு கூத்து, இன்னைக்கு தட்டோட பன்மையா இருக்கற தோஸ், அந்தக் காலத்துல திஸ்ஸோட பன்மையா இருந்த உருவத்துலேர்ந்து வந்தது. வெள்ளைக்காரங்களே நடுவுல குழம்பி கட்சி மாத்தியிருக்காங்க, அதனால நாம கொஞ்சம் தடுமாறினா கூச்சப்பட ஒண்ணும் இல்ல.

விரல் இல்லாத தட்

"ஐ நோ தட் ஹி இஸ் பிஸி"ங்கறதுல தட்டை எங்க பசங்க அதுன்னு படிக்கறாங்க, எனக்கு அது தெரியும், அவன் பிஸின்னு. அது இல்ல, இந்த தட் நம்ம னு. அவன் பிஸின்னு எனக்குத் தெரியும்ல வர்ற னு. "தி பஸ் தட் கேம் லேட்"லயும் அது கிடையாது, "லேட்டா வந்த பஸ்"ங்கறதுல "வந்த"வோட கடைசியில ஒரு அ ஒட்டியிருக்கு பாருங்க, அந்த வேலையைப் பாக்குது. எழுத்து ஒண்ணு, ஆள் மூணு.

காதுல கேட்டா பிரிச்சுடலாம். விரல் நீட்டற தட் வாயை நல்லாத் திறந்து அழுத்தமா வரும். மத்த ரெண்டும் அவசரத்துல தத்னு மங்கலா, இருக்கா இல்லையான்னு தெரியாம ஓடும், அதுல னு தட்டைப் பல நேரம் சொல்லாமலே விட்டுடுவாங்க, "ஐ நோ ஹி இஸ் பிஸி". விரல் தட்டை அப்படி விடவே முடியாது.

1863 நவம்பர்ல கெட்டிஸ்பர்க் போர்க்களத்துல ஆபிரகாம் லிங்கன் பேசின பேச்சு ரொம்பச் சின்னது, அதுல ஒரு இடம் "தோஸ் ஹூ ஹியர் கேவ் தேர் லைவ்ஸ் தட் தட் நேஷன் மைட் லிவ்"னு வரும். அந்த நாடு வாழணும்னு இங்க உயிரைக் குடுத்தவங்கன்னு அர்த்தம். முதல் தட் னு, லேசா சொல்லணும். ரெண்டாவது தட் அந்த, அழுத்திச் சொல்லணும். மாத்தி அழுத்தினா வாக்கியம் உடையும். முதல்ல வர்ற தோஸ் ஹூவையும் பாருங்க, அது எவங்களையும் விரலால காட்டல, குடுத்தவங்கல வர்ற அவங்க மாதிரி. "தோஸ் ஹூ ஃபினிஷ்ட் கேன் கோ", முடிச்சவங்க போலாம். இதுக்கு ஒருமையா "தட் ஹூ"ன்னு நீங்களே ஒண்ணு தயாரிச்சுடாதீங்க, ஒரு ஆளுன்னா "எனிஒன் ஹூ".

ஆபீஸ் மெயில் பத்தி ஒண்ணே ஒண்ணு. சர்வர் நின்னுபோச்சு, பேக்கப்பும் எடுக்கல, கிளையன்ட் கூப்பிட்டாங்கன்னு மூணு விஷயம் எழுதிட்டு "திஸ் ஷுட் பி ஃபிக்ஸ்ட்"னு முடிச்சா எதைன்னு படிக்கறவருக்கு எப்படித் தெரியும்? சமையல்கட்டுலேர்ந்து வந்த "அந்த அதுல இருக்கற அது"தான் இது. பக்கத்துல ஒரு பெயரை வெச்சுடுங்க, "திஸ் பேக்கப் ப்ராப்ளம்". தீர்ந்துது.

ஃபோன்ல விரல் தெரியாது

ஃபோன்ல மூஞ்சியும் தெரியாது, விரலும் தெரியாது, அதனால கோடு சுத்தமா நடுவுல விழுந்துடும். நான் இருக்கற முனை திஸ், நீங்க இருக்கற முனை தட். "ஐ ஆம் குமார்"னு ஆரம்பிக்க வேண்டாம், "மைசெல்ஃப் குமார்" வேண்டவே வேண்டாம், "திஸ் இஸ் குமார்". எதிர்முனையில யாருன்னு கேக்க பிரிட்டிஷ்காரங்க "இஸ் தட் குமார்?"னு கேப்பாங்க, அமெரிக்கர்கள் "இஸ் திஸ் குமார்?"னு கேப்பாங்க, அமெரிக்கர் அந்தக் கோட்டையே கண்டுக்கறதில்ல, ஃபோனே ஒரே இடம்னு நெனச்சுக்கறாங்க போல.

இது எனக்கு எப்படித் தெரியும்னா, வேலைக்குச் சேந்த முதல் வாரம், ஒரு கம்பெனி அக்கவுன்ட்ஸ் செக்ஷன், மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க, லண்டன்லேர்ந்து ஃபோன். எடுத்தேன். அந்தப் பக்கம் ஒரு பெரியவர், தெளிவா, பொறுமையா கேட்டார், "ஹலோ, இஸ் தட் அக்கவுன்ட்ஸ்?"

பக்கத்துல இருந்தா திஸ், தூரத்துல இருந்தா தட். நான் அக்கவுன்ட்ஸ்லயே உக்காந்திருக்கேன், என் டேபிள்லயே போர்டு இருக்கு. அவர் ஏதோ தூரத்துல இருக்கற வேற டிபார்ட்மென்ட்டைக் கேக்கறார்னு நெனச்சு, ரொம்பப் பணிவா சொன்னேன்:

"நோ சார். திஸ் இஸ் அக்கவுன்ட்ஸ்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "ஐ ஸீ"ன்னார்.